பூட்டு திறந்தால் போதுமா?

அலமாரியில் கிடந்த மடிக்கணினியை எடுத்துத் துடைத்தார்கள். அது அரசாங்கம் கொடுத்தது. அக்கா பிளஸ்-2 படித்தபோது பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது தம்பி படிக்கிறான். அவனுக்கு உதவட்டும் என்று அம்மா எடுத்தாள்.

பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்தது. ஆனால், திரை ஒரே கறுப்பு! ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. "இந்த விண்டோஸ் அசல் அல்ல" என்பது அதன் அர்த்தம்.

அம்மா அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போனாள்.

"தம்பி, இது என்னன்னு பாருப்பா. கவர்மெண்டு கொடுத்தது."

"ஆக்டிவேட் பண்ணணும் அக்கா. 300 ரூபாய் ஆகும். அரை மணியிலே சரி பண்ணித் தர்றேன்."

"அப்புறம் கோளாறு ஒண்ணும் வராதுல்ல?"

கடைக்காரப் பையன் அதற்குப் பதில் சொல்லவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, தேனி என்று எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. கடைக்காரப் பையன் பதில் சொல்லாமல் விட்டானே, அந்தக் கேள்விதான் முக்கியமான கேள்வி.

50 லட்சம் கம்ப்யூட்டர்

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 15-9-2011 அன்று தமிழ்நாட்டில் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவை கொடுக்கப்பட்டன.

திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர் வீட்டிலும், ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப்பில் போகிறவர் வீட்டிலும் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தது அப்போதுதான்.

முதல் ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 7 இருந்தது. அதன் பக்கத்திலேயே "பாஸ் லினக்ஸ்" என்று இன்னொன்றும் இருந்தது. விண்டோஸைத் திறந்தவர்கள் அதிகம். பாஸை யாரும் அதிகம் தொடவில்லை. அந்தப் பாஸின் கதை பிறகு வருகிறது.

முதலில், விண்டோஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டர் என்பது வெறும் தகடும் கம்பியும் கண்ணாடியும். அதை வேலை வாங்க ஒருவர் வேண்டும். எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கக் கங்காணி இருப்பார் அல்லவா? அதுபோல, கம்ப்யூட்டரை வேலை வாங்குவது இயங்குதளம். விண்டோஸ் ஓர் இயங்குதளம். அமெரிக்காவில் உள்ள மைக்ரோசாப்ட் கம்பெனி அதைச் செய்து விற்கிறது.

25 எழுத்துச் சாவி

ஒருவர் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸை ஊரெல்லாம் படி எடுத்தால் கம்பெனிக்கு நஷ்டம். அதைத் தடுக்கக் கம்பெனி ஒரு பூட்டுப் போட்டது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இருந்து இந்தப் பூட்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது.

அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி எண் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்து 25 இருக்கும். அதைக் கொடுத்ததும், "இது அசல்தானா? எத்தனை யந்திரத்தில் போட்டிருக்கிறார்கள்?" என்று கம்பெனியின் கம்ப்யூட்டர் சரி பார்க்கும். சரியாக இருந்தால் பூட்டுத் திறக்கும். இதற்குத்தான் "ஆக்டிவேஷன்" என்று பெயர்.

அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியில் இந்த வேலையை முதலிலேயே முடித்துக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் இப்போது ஏன் "அசல் அல்ல" என்று வருகிறது?

நடுவில் ஒரு முறை கோளாறு ஆகியிருக்கும். கடையில் கொடுத்திருப்பார்கள். கடைக்காரர் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்து, கையில் இருந்த வேறு விண்டோஸைப் போட்டிருப்பார். சாவி எண் கொடுக்காத விண்டோஸ் 7, 30 நாள் பொறுக்கும். பிறகு திரையைக் கறுப்பாக்கிவிடும்.

சரி, பழைய விண்டோஸுக்கு இப்போது சாவி போட முடியுமா? முடியும். எக்ஸ்.பி.க்கும் விண்டோஸ் 7-க்கும் கம்பெனி தன் ஆதரவை நிறுத்தியபோது, "உண்மையான சாவி எண் வைத்திருப்பவர் அதற்குப் பிறகும் ஆக்டிவேட் செய்யலாம்" என்றே அறிவித்தது. பூட்டு திறக்கும். ஆனால் பூட்டு திறப்பது வேறு. வீடு பத்திரமாக இருப்பது வேறு.

காவல்காரன் போன நாள்

திராட்சைத் தோட்டத்துக்கு வேலி உண்டு. வேலியில் தினமும் எங்காவது ஓட்டை விழும். காவல்காரன் சுற்றி வந்து பார்ப்பான். ஓட்டையை முள் வைத்து அடைப்பான்.

விண்டோஸிலும் ஓட்டைகள் உண்டு. கோடிக்கணக்கான வரிகள் எழுதிச் செய்த பொருள் அது. அதில் தவறுகள் இருக்கத்தான் செய்யும். திருடர்கள் அந்தத் தவறுகளைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கம்பெனியும் தேடுகிறது. மாதம்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்கும் மருந்தை இன்டர்நெட் வழியாக அனுப்புகிறது. இந்தக் காவலுக்குப் பெயர்தான் "சப்போர்ட்".

இந்தக் காவல் என்றைக்கும் இருக்காது. எக்ஸ்.பி.க்கு 8-4-2014 அன்று நின்றது. விண்டோஸ் 7-க்கு 14-1-2020 அன்று நின்றது. தமிழ்நாட்டில் அன்று போகிப் பண்டிகை! வீட்டில் பழையதைக் கழித்த பலருக்கு, கம்ப்யூட்டரின் காவல் அன்றோடு கழிந்தது தெரியாது. விண்டோஸ் 10-க்கு 14-10-2025 அன்று நின்றது.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் நின்றுவிடுமா? நிற்காது. வழக்கம்போல் ஓடும். படம் காட்டும். பாட்டுப் பாடும். அதனால்தான் ஜனங்களுக்கு ஆபத்துத் தெரிவதில்லை. காவல்காரன் போய்விட்டாலும் கொடியில் பழம் தொங்கத்தானே செய்யும்?

லண்டனில் நின்ற வைத்தியம்

12-5-2017 அன்று நடந்ததைக் கேட்டால் இது விளங்கும்.

அன்று "வான்னாகிரை" என்ற கெட்ட நிரல் உலகம் முழுவதும் பரவியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அதன் பிடியில் சிக்கின. உள்ளே நுழைந்ததும் எல்லாக் கோப்புகளையும் அது பூட்டிவிடும். "300 டாலர் கொடு. அப்போதுதான் திறப்பேன்" என்று திரையில் மிரட்டும்.

இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பித்தன. ஆம்புலன்ஸ் வண்டிகளை வேறு ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பினார்கள். சுமார் 19 ஆயிரம் நோயாளிகளின் வைத்திய நேரம் ரத்து ஆகியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். இந்தியாவிலும் சில அலுவலகங்கள் பாதிக்கப்பட்டன.

மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இங்கிலாந்து இளைஞர், அந்த நிரலுக்குள் ஒளிந்திருந்த ஓர் இணைய முகவரியைக் கண்டார். அந்த முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்தார். அதோடு நிரல் பரவுவது நின்றது!

இதில் வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் மருந்து இரண்டு மாதத்துக்கு முன்பே, 14-3-2017 அன்று, வந்துவிட்டது. சிக்கிய கம்ப்யூட்டர்களில் மிகப் பல விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அப்போது விண்டோஸ் 7-க்குக் காவல் இருந்தது; மருந்தும் இருந்தது. போடாமல் விட்டார்கள். மருந்து இருந்தபோதே இந்தக் கதி என்றால், மருந்தே வராத கம்ப்யூட்டரின் கதி என்ன?

நம் நாட்டில் ரிசர்வ் வங்கிக்கும் இந்தக் கவலை வந்தது. பணம் எடுக்கும் ஏ.டி.எம். யந்திரங்கள் பல, காவல் முடிந்த எக்ஸ்.பி.யிலேயே ஓடிக்கொண்டிருந்தன. 21-6-2018 அன்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கெடு வைத்தது. 2019 ஜூன் மாதத்துக்குள் எல்லா ஏ.டி.எம்.களையும் மாற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது.

வங்கியின் யந்திரத்துக்குக் கெடு வைத்தார்கள். அதே வங்கியில் பணம் போட்டிருக்கும் குடும்பத்தின் யந்திரத்துக்கு யார் கெடு வைப்பது? குடும்பம்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

300 ரூபாயின் விலை

கடைக்காரப் பையன் கேட்ட 300 ரூபாய்க்கு வருவோம்.

அவன் அசல் சாவி எண் வாங்கிப் போட்டால் தவறு இல்லை. ஆனால் 300 ரூபாய்க்கு அசல் சாவி எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் "கிராக்" என்ற கள்ளச்சாவிதான் போடுவார்கள். பூட்டை ஏமாற்றித் திறக்கும் நிரல் அது.

கள்ளச்சாவி போடும் முன் அது ஒரு நிபந்தனை போடும். "கம்ப்யூட்டரில் இருக்கும் வைரஸ் காவலை அணைத்துவிடு" என்று கேட்கும். திருடன் வாசலில் நின்று, "நாயைக் கட்டிப் போடுங்கள். வந்து பூட்டைத் திறந்து தருகிறேன்" என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. திறந்துவிட்டு அவன் போனானா, பரண் மேல் ஒளிந்தானா? யாருக்குத் தெரியும்? கள்ளச்சாவி என்ற பெயரில் கடவுச்சொற்களைத் திருடும் நிரல்களை நுழைத்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

சட்டமும் இதை ஒப்புக்கொள்ளாது. கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் நிரலை உபயோகிப்பது 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை ஜெயில். ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்காக அல்ல என்றால் நீதிபதி ஜெயில் தண்டனையை விட்டுவிடலாம். ஆனாலும் குற்றம் குற்றம்தான்.

ஆக, அந்த 300 ரூபாய்க்கு அம்மா வாங்குவது என்ன? காவல் இல்லாத வீட்டுக்கு ஒரு கள்ளச்சாவி!

அணையைப் பாருங்கள்

"அப்படியானால் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறிய வேண்டியதுதானா?" என்று கேட்கலாம்.

வேண்டாம். பழையது என்பது ஒரு குற்றம் அல்ல.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியது இல்லை. பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்தது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டியது. 130 ஆண்டு ஆகிவிட்டது. இன்றும் அந்தத் தண்ணீர்தான் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது.

எப்படி? கட்டியதோடு விட்டுவிடவில்லை. 1980-களில் கான்கிரீட் போட்டு, கம்பி வடம் இறக்கி அணையைப் பலப்படுத்தினார்கள். கால்வாய்களைத் தூர் வாரினார்கள். கிராமத்தார் ஒன்று கூடிக் குளத்தையும் வாய்க்காலையும் பராமரிப்பதற்குக் "குடிமராமத்து" என்று பெயரே உண்டு.

மராமத்து நடக்கிற வரை பழையது பழையது அல்ல. மராமத்து நின்றால் நேற்று வந்ததும் பழையதுதான். பழைய மடிக்கணினிக்கும் ஒரு குடிமராமத்து வேண்டும்.

பக்கத்திலேயே இருந்த மருந்து

இப்போது பாஸின் கதைக்கு வருவோம்.

பாஸ் என்பது இந்தியாவில் செய்த இயங்குதளம். மத்திய அரசின் சி-டாக் ஸ்தாபனம், சென்னையில் இருந்து அதைத் தயாரித்தது. 2007-ல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அதில் வேலை செய்யலாம்.

அதன் வேர் லினக்ஸ். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கி வைத்தது. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து அதை வளர்க்கிறார்கள். ஓட்டை விழுந்தால் அடைக்கிறார்கள். குடிமராமத்து மாதிரிதான்! அதற்குச் சாவி எண் கிடையாது. பூட்டே இல்லாத இடத்தில் கள்ளச்சாவி எதற்கு?

2011-ல் மடிக்கணினியோடு வந்த பாஸும் இப்போது பழையதுதான். ஆனால் புதிய பாஸை இலவசமாக எடுத்துப் போடலாம். வேகம் குறைந்த பழைய யந்திரத்துக்கு என்றே இலேசான லினக்ஸ் வகைகளும் இருக்கின்றன. கடிதம் எழுத, கணக்குப் போட, பாடம் பார்க்கத் தேவையானவை எல்லாம் அவற்றில் உண்டு.

"நம் பிள்ளைகளுக்குப் பழகுமா?" என்ற சந்தேகம் வரும். குமுளி மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடம் நடக்கிறது. அந்தக் குழந்தைகளுக்குப் பழகியது, மலைக்கு இந்தப் பக்கம் உள்ள குழந்தைகளுக்குப் பழகாதா?

குடும்பத்தார் செய்ய வேண்டியது

முதல் வேலை, கம்ப்யூட்டரில் இருக்கும் கல்யாணப் படங்களையும் சான்றிதழ்களையும் ஒரு பென்டிரைவில் படி எடுத்து வைக்க வேண்டும். மராமத்தின்போது எல்லாம் அழிந்துபோகலாம்.

இரண்டாவது, காவல் முடிந்த விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறக்கக்கூடாது. ஆதார், பான் விவரங்களை அதில் வைக்கக்கூடாது. குரோம் உலாவிகூட 2023-ல் இருந்து விண்டோஸ் 7-க்குப் புதிதாக வருவது இல்லை.

மூன்றாவது, யந்திரம் நன்றாக இருந்தால் லினக்ஸ் போட வேண்டும். கம்ப்யூட்டர் படிக்கும் கல்லூரிப் பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு பகல் பொழுதில் போட்டுத் தருவான்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பதிவு செய்துகொண்டால் காவலை 13-10-2026 வரை நீட்டிக்கக் கம்பெனி ஏற்பாடு செய்திருக்கிறது.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். தாமதம் ஆக ஆகப் பணம் கைமாறிப் போய்விடும்.

அரசாங்கமும் கம்பெனியும்

பொறுப்பை எல்லாம் குடும்பத்தின் தலையில் போடுவது நியாயம் அல்ல.

கம்பெனிக்கு ஒரு கடமை உண்டு. காவலை என்றைக்கும் கொடு என்று கேட்க முடியாது. நாளை முன்கூட்டியே சொல்லித்தான் நிறுத்துகிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளின் பூட்டு, வாங்கியவருக்கு என்றும் திறக்க வேண்டும். சாவியைச் சரி பார்க்கும் கம்ப்யூட்டரை ஒரு நாள் கம்பெனி மூடுவதாக இருந்தால், அதற்கு முன்னால் பூட்டை எடுத்துவிட வேண்டும். காவலும் இல்லை, சாவியும் இல்லை என்றால் வாங்கியவர் கையில் இருப்பது வெறும் தகடுதான்.

விண்டோஸ் 10-க்குக் காவல் நின்றால், விண்டோஸ் 11-க்கு மாற முடியாத 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற ஆராய்ச்சி நிறுவனம் 2023-ல் மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை நன்றாக ஓடுகிறவை. ஓடுகிற யந்திரத்தைக் குப்பையாக்குவது தொழில் முன்னேற்றம் ஆகாது.

அரசாங்கத்துக்கும் கடமை உண்டு. 50 லட்சம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது பெரிய காரியம். ஆடு கொடுத்தால் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. கம்ப்யூட்டர் கொடுத்தால் அதற்கு ஆஸ்பத்திரி எங்கே? ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கூடத்தில் முகாம் போடலாம். பாலிடெக்னிக் மாணவர்களை அழைத்து, வருகிற மடிக்கணினிகளுக்குப் புதிய இயங்குதளம் போட்டுக் கொடுக்கலாம். மாணவர்களுக்குப் பயிற்சி, குடும்பங்களுக்கு உதவி.

இனிக் கம்ப்யூட்டர் வாங்கும்போது, அது பள்ளிக்கூடமானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும், விலையை மட்டும் கேட்டால் போதாது. "காவல் எந்தத் தேதி வரை?" என்று கேட்டு, அந்தத் தேதியைக் கம்ப்யூட்டரின் முதுகிலேயே எழுதி ஒட்ட வேண்டும். மருந்துப் புட்டியில் கெடு தேதி போடுகிறார்கள் அல்லவா?

தம்பியின் கம்ப்யூட்டர்

கடை வாசலில் அந்த அம்மா இன்னும் நிற்கிறாள். பையில் மடிக்கணினி இருக்கிறது. அது அவள் மகள் படித்து வாங்கியது. மகனும் அதில் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. நியாயமான ஆசை. நிறைவேறக்கூடிய ஆசை.

"ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்" என்று கடைக்காரர் சொன்னால், இனி அவள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு.

"சாவி அசல்தானா?"

"இதுக்குக் காவல் இருக்கா, முடிஞ்சு போச்சா?"

இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பலாம். யந்திரம் கெட்டுப்போகவில்லை. காவல் உள்ள இன்னோர் இயங்குதளம் போட்டுக் கொடுப்பவரைத் தேடினால் போதும்.